இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பெரியவர்கள்

எதிர்வீட்டு லாரி டிரைவருக்கு ஒரே மகள். ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் மூன்றின் நோட்டீஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு நேற்றுக் காலை வந்து நின்றார். "ஏனுங்க சார், வாத்தியார் வேலையிலயே உங்களுக்குத் தல நரைச்சுப் போச்சு. இதுல எது நல்ல பள்ளிக்கூடமுன்னு நீங்களே பாத்துச் சொல்லீருங்க" என்றார். தலை நரைத்தது வாத்தியார் வேலையால் அல்ல, அந்த வேலையைப் பரிசோதிக்க வந்தவர்களால் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். காலங்காத்தாலே எதற்கு வம்பு?

மூன்றும் வழவழப்பான காகிதம். ஒன்றில் மாடிக் கட்டடம், ஒன்றில் பஸ், ஒன்றில் கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளைகள். படிப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். புது மை வாசனை. அது மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்கு இன்ஸ்பெக்ஷன் ஞாபகம்தான் வரும். இன்ஸ்பெக்ஷன் என்றால் முந்தின நாளே மை வில்லையைத் தண்ணீரில் கரைத்து, ரிஜிஸ்டரில் விட்டுப்போன கட்டங்களை எல்லாம் நிரப்ப வேண்டும். அந்த மை வாசனையும் புதிதாக மெழுகிய சாணத் தரையின் வாசனையும் கலந்தால், அதற்குப் பெயர் பயம். இதை அனுபவிக்காத வாத்தியார் அந்தக் காலத்தில் கிடையாது.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். நான் டிரெயினிங் முடித்து, சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று வீட்டில் கேட்பார்கள், அது வேறு. மேலதிகாரி ஒருவரை எதிர்த்துப் பேசிவிட்டேன். பலன், கொல்லிமலைக்கு மாற்றல். அந்த நாளில் மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கால்நடையாக ஏற வேண்டும், அதிகாரிகளானால் ஆட்கள் சுமக்கும் டோலியில் வருவார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து யாரும் அங்கே இருக்கச் சம்மதிக்க மாட்டார்கள். என் தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணு, வேலைய எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்துரு. மலைக்காச்ச வந்துதுன்னா எமன் டோலிகூடக் கேக்க மாட்டான், நடந்தே வந்து தூக்கிட்டுப் போயிருவான்" என்றார். போகாதே என்று நாலு பேர் சொன்னதால்தான் போனேன். அதில் பெரிய லட்சியம் ஒன்றும் இல்லை.

மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திருப்புலி நாட்டில் ஒரு மேட்டின் மேல் பள்ளிக்கூடம். நீளமாக ஓர் அறை, ஓட்டுக் கூரை, உட்காரப் பலகைகள். ஐந்தாவது வரைதான் முன்பு இருந்தது. அதைத் தாண்டிப் படிக்க வேண்டுமானால் பிள்ளைகள் சேந்தமங்கலம் இறங்க வேண்டும். ஒருவரும் இறங்கியதில்லை. அதனால் சோதனையாக ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகள் சேர்த்திருந்தார்கள். மூன்று வாத்தியார்கள் இருக்க வேண்டிய இடம். ஒருவர் காய்ச்சலோடு கீழே இறங்கியவர் திரும்பவே இல்லை. இன்னொருவர் லீவு போட்டார், அந்த லீவை நீட்டினார், நீட்டிக்கொண்டே இருந்தார். மிச்சம் நான். எட்டு வகுப்புக்கும் ஒற்றை ஆள். மேல் வகுப்பு மூன்றிலும் சேர்த்துப் பதினோரு பேர்.

அந்தப் பதினோரு பேரில் எட்டாவது படித்தது ஒருத்திதான். பாவாயி என்று பெயர். குட்டையாக, கறுப்பாக, யாரையும் நேருக்கு நேர் பார்க்கும் பெண். எட்டாவது முடித்து அரசுப் பரீட்சை எழுதினால் வாத்தியார் டிரெயினிங் போகலாம் என்று என்றைக்கோ ஒருநாள் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "டிரெயினிங் முடிச்சா இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வந்தர்லாமுங்களா? உங்களையெக் கீழ அனுப்பிருவாங்களா?" என்று என் வேலைக்கே குறி வைத்துக் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கார்த்திகை வந்தால் மலையில் பள்ளிக்கூடம் காலியாகிவிடும். தினையும் சாமையும் கதிர் முற்றும் சமயம். பகலில் கிளியும் குருவியும், இரவில் பன்றியும் இறங்கும். கதிர் போனால் அந்த வருஷச் சோறு போயிற்று. காடு என்றால் அங்கே விதைத்த நிலம். காட்டுக்குக் காடு பரண் கட்டி, ஆள் மாற்றி ஆள் காவல் இருப்பார்கள். பிள்ளைகள் பரணில் ஏறிவிட்டால் நான் யாருக்குப் பாடம் நடத்துவது? சுவருக்கா? முதல் வருஷம் ஒரு வாரம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு புத்தகமும் முடிச்சுப் போட்ட கயிறும் எடுத்துக்கொண்டு நானே பரண் பரணாகப் போக ஆரம்பித்தேன். கீழே நின்று நான் கத்துவேன், மேலே இருந்து அவர்கள் கத்துவார்கள். கயிற்றை வைத்துக் காட்டை அளக்கச் சொன்னேன், பரப்பு கண்டுபிடிக்கச் சொன்னேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று அப்போது நினைத்தேன்.

அப்படி ஒரு வருஷம், கதிர்க் காவல் சமயத்தில்தான் கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மலைக்கு வருகிறார். மேல் வகுப்புகளின் தரத்தைப் பார்த்து, வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று எழுதப் போகிறார். கார்த்திகையில்! கதிர் முற்றி நிற்கும் வாரத்தில்! எனக்குத் தலையில் இடி விழுந்தது. வகுப்பை எடுத்துவிட்டால் பாவாயிக்குப் பரீட்சை கிடையாது. மூன்று வருஷம் படித்தும் ஐந்தாவதோடு நின்றவள் என்றுதான் எழுதுவார்கள்.

ஊர்க்கவுண்டர் சடையக் கவுண்டரிடம் ஓடினேன். சுற்றுப்பட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். காட்டுக்குள் பரணுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "கவுண்டரே, கீழேயிருந்து பெரிய அதிகாரி வாராருங்க. பள்ளிக்கூடம் நெறஞ்சு இருக்கோணும். காலியா இருந்தா மூணு வகுப்பையும் எடுத்துருவாங்க. அன்னைக்கு ஒரு நாளு நீங்கதான் பாத்துக்கோணும்" என்றேன். அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "சர்க்கார் ஆளு நம்ம நாட்டுக்கு வர்றப்போ எப்பிடி நிக்கோணுமுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க போயி நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க சாமி. பள்ளிக்கூடம் நெறஞ்சுரும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. போய் நிம்மதியாகவே தூங்கினேன். அங்கேதான் கெட்டது.

திங்கட்கிழமை. தரை மெழுகி, தேசப்படம் மாட்டி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றேன். வெயில் ஏறும் நேரத்துக்கு மேட்டில் தலைகள் தெரிந்தன. வெளுத்த வேட்டி, வெளுத்த முண்டாசு. ஒருவர், இருவர், பத்துப் பேர். அவரவர் வீட்டில் மூத்தவர். ஆண் இல்லாத வீட்டிலிருந்து அம்மாமார்கள். கையில் வாழைத்தார், தேன், பலாக்கொட்டை. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரிசையாக உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. நிஜமாகவே நிறைந்துவிட்டது. சடையக் கவுண்டர் எது உசந்த வகுப்பு என்று விசாரித்து, எட்டாம் வகுப்புப் பலகையில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

"கவுண்டரே, பிள்ளைக எங்க?" என்றேன்.

"காட்டுலதானுங்க. நாங்க அத்தனை பேரும் இங்க வந்துட்டா கிளிய ஆரு பாக்கறது?" என்றார். பிறகு குரலைத் தணித்து, எனக்கு விவரம் பத்தாது என்பது போலச் சொன்னார். "அதிகாரி வாரப்போ சின்னஞ்சிறுசுகள அனுப்புனா அவரெ மதிக்காத மாதிரி ஆயிருமுங்க. வீட்டுக்கு ஒரு பெரியவரு வந்து நிக்கோணும். அதான் நாட்டு வழக்கம்."

வரி வசூலுக்கு வந்தாலும், காடு அளக்க வந்தாலும், திருவிழா பேச வந்தாலும் அங்கே அதுதான் வழக்கம். வருஷக் கணக்கில் அவர்களோடு இருந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ஓடிப்போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்றால், மேட்டுக்குக் கீழே டோலிக்காரர்களின் சத்தம் கேட்டுவிட்டது.

இன்ஸ்பெக்டர் வயதானவர், மெலிந்தவர், கறுப்புக் கோட்டு, கையில் குடை. இறங்கியதுமே மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பொழுது சாயுமுன் மலை இறங்கிவிட வேண்டும் என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். அத்தனை முண்டாசுகளும் எழுந்து கும்பிட்டன.

"இது என்ன, முதியோர் வகுப்பா?" என்றார்.

நான் விளக்க வாயெடுத்தேன். கையமர்த்தி ரிஜிஸ்டரை எடுத்தார். மேல் வகுப்புப் பெயர்களை வாசித்தார். முதல் பெயர், பாவாயி. நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அவளுக்கு நான் வந்திருக்கேனுங்க" என்றார் கைகட்டி. பாவாயியின் அப்பன். அடுத்த பெயருக்கு, "அவன் பரண்ல இருக்கானுங்க, நான் அவங்கப்பனுங்க." அதற்கடுத்த பெயருக்கு ஓர் அம்மாள் எழுந்து, பையனின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்தே சொன்னாள். பதினோரு பெயருக்கும் பதினோரு பேர் ஆஜர். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துவிட்டது. தன்னைக் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். பேனாவைத் திறந்து, வந்திருந்த மாணவர் எண்ணிக்கை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய பிசாசு கிளம்பிவிட்டது. போனால் வேலைதானே போகும்? "ஐயா, நீங்க பார்க்க வந்தது கட்டடத்தையா, படிப்பையா?" என்றேன்.

"நீர் எனக்கு இன்ஸ்பெக்ஷன் சொல்லிக்கொடுக்கிறீரா?"

"இல்லைங்க. பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள். நாலு பேரையாவது கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் இந்த வகுப்பை நீங்கள் எடுக்க வேண்டாம், நானே கதவைச் சாத்திச் சாவியைக் கொண்டுவந்து கொடுக்கிறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றுகொண்டேன் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். மறிக்கவில்லை, வாசல் சிறியது. டோலிக்காரர்களில் ஒருவர் மட்டும் மெதுவாக, "காட்டு வழியாவும் எறங்கலாமுங்க. ரொம்பச் சுத்து இல்லீங்க" என்றார். அந்த மனுஷன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அது நல்ல சுற்றுத்தான்.

முதலில் பாவாயியின் காடு. ஓடைக்கும் பாறைக்கும் நடுவில் முக்கோணமாகச் சரிவில் ஏறும் நிலம். அவள் பரணில் நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி வரச் சொன்னார். "எறங்குனா கிளி எறங்கிருமுங்க. அங்கிருந்தே கேளுங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் வாழ்நாளில் குழந்தைகளை அண்ணாந்து பார்த்துக் கேள்வி கேட்டிருக்க மாட்டார். தன் டிபன் சுற்றியிருந்த செய்தித்தாளைக் கம்பில் சொருகி மேலே அனுப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். நடுவில் "ஆலோ! ஆலோ!" என்று கிளியை விரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். காவேரி எந்தத் திசை என்றார். நேரே தெற்கே கையை நீட்டினாள். மழை கழுவிவிட்ட வானம், தூரத்தில் ஆறு மினுங்கியது.

அப்புறம் அவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் காட்டின் பரப்பு எவ்வளவு, தெரியுமா?" என்றார். தெரியாது என்று நினைத்துத்தான் கேட்டார்.

"ஒரு ஏக்கரு பன்னெண்டு சென்ட்டுங்க."

அவர் கணக்குப் பாடத்தில் பெயரெடுத்தவராம், பிற்பாடு தெரிந்தது. நம்பவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு அடிப்பக்கத்தை எட்டு வைத்து எண்ணினார். பிறகு சரிவில் ஏறி எண்ணினார். மூச்சு வாங்க வந்து பென்சிலால் கணக்குப் போட்டார். "ஒரு ஏக்கர் முப்பது வருகிறது. தப்பு" என்றார் திருப்தியாக.

பாவாயி அவரை உற்றுப் பார்த்தாள். "மேடேறறப்போ எட்டு சின்னதாப் போயிருமுங்க. அதனால எண்ணிக்கை கூடிப்போச்சு. மேல இருந்து எறங்கி ஒருக்கா எண்ணுங்க. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பாறையைப் பார்த்தேன். பிறகு அந்த வயதான மனுஷர், கோட்டைக் கழற்றி டோலிக்காரரிடம் கொடுத்துவிட்டு, மறுபடி சரிவேறி, எண்ணிக்கொண்டே இறங்கி வந்தார். கூட்டிப் பாதியாக்கினார். ஒரு ஏக்கர் பதினான்கு. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்" என்றார் என்னிடம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கயிறு மட்டும்தான் கொடுத்தேன். மேட்டில் எட்டு சுருங்கும் சங்கதி அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். ஆனால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகாத்மாவா?

நாலு பேர் என்றவர் பதினோரு பரணுக்கும் வந்தார். இரண்டு பையன்கள் சொதப்பினார்கள், மறைக்கவில்லை. போகும்போது டோலியில் ஏறிக்கொண்டே சொன்னார். "நான் பார்த்ததை எல்லாம் எழுதுவேன். ஆனால் எண்ணிக்கைக் கட்டத்தில் எழுதியதை அடிக்க முடியாது. கட்டடத்தில் ஒருவரும் இல்லை, அது உண்மை." சொன்னபடியே இரண்டையும் எழுதினார். மேலிடத்தில் எதைப் படித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. அடுத்த நாளிலிருந்து ஆறு, ஏழு, எட்டு கிடையாது.

நான் உத்தரவைப் படித்தேன், மடித்தேன், சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் எட்டாம் வகுப்பு வழக்கம் போல நடந்தது. தாளில் இல்லாத வகுப்பு, அவ்வளவுதான். சனிக்கிழமை தோறும் மலை இறங்கி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றேன். பாவாயி தனியாகப் பரீட்சை எழுத அவர் கையெழுத்து வேண்டும். முதல் சனி பார்க்க முடியாது என்றார்கள். இரண்டாவது சனியும் அப்படித்தான். நாலாவது சனி அவரே வெளியே வந்து, "நீர் விடமாட்டீரா?" என்றார். "மாட்டேனுங்க" என்றேன். உள்ளே கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட்டார். பாவாயி அப்பனோடு மலை இறங்கிப் பரீட்சை எழுதினாள், தேறினாள், டிரெயினிங்கும் போனாள். மற்ற பத்துப் பேருக்கு அந்த வாசல் அடைபட்டதுதான். அவர்களுக்காகவும் போய் நிற்பதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்து, என்னையே டோலியில் கீழே இறக்கிவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உத்தரவு வந்த சேதியைச் சடையக் கவுண்டரிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அன்று காவலையும் வேலையையும் விட்டுவிட்டு அத்தனை வீட்டையும் திரட்டி வந்தவர். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அத்தனை பேரு வந்து உக்காந்தும் பத்தலீங்களா வாத்தியாரே?" என்றார். நீங்கள் வந்து உட்கார்ந்ததால்தான் போயிற்று என்று நான் எப்படிச் சொல்வேன்? பத்தவில்லை என்று பொய் சொன்னேன். அவர் முண்டாசை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார். "செரி, உடுங்க. அடுத்த தடவ பக்கத்து ஆலத்தூர் நாட்டாளுகளையும் கூட்டியாரேன்" என்றார்.

டிரைவரின் நோட்டீஸ்கள் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கின்றன, எதைச் சொல்வதென்று தெரியவில்லை. மலைக்கு இப்போது ரோடு இருக்கிறது, பஸ் போகிறது. தினையும் சாமையும் விதைத்த காட்டில் மரவள்ளி நிற்கிறது, பரண்களைக் காணோம். பள்ளிக்கூடத்துக்கு மேல் வகுப்புகள் வந்து வெகு காலம் ஆயிற்று. போன வருஷம் போயிருந்தேன். அன்றைக்கும் யாரோ அதிகாரி வந்திருந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் சீருடையில் அவரவர் இடத்தில் இருந்தார்கள், எண்ணிக்கைக் கட்டம் நிறைந்திருக்கும். வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தேன். எந்த வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர்கூட வரவில்லை.